சேற்றுச் சங்கிலியும் பனிச் சங்கிலியும்: சுங்கை சிப்புட் குடும்பம் ஒன்றின் மலைப்பாதை விபத்து - நிகழ்வு ஆய்வு

நியூசிலாந்தின் தென்தீவில் வானாக்காவையும் குவீன்ஸ்டவுனையும் இணைப்பது கிரவுன் ரேஞ்ச் மலைப்பாதை. அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தின் ஒரு காலையில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த குடும்பம் ஒன்று ஓட்டிப்போன வாடகை வண்டி அந்தப் பாதையின் இறக்கத்து வளைவில் வழுக்கி, இடப்பக்க மண்மேட்டில் மோதி நின்றது. உள்ளே 5 பேர். யாருக்கும் காயமில்லை. முன்பம்பரும் ஒரு விளக்கும் உடைந்தன. அதன்பிறகு, வழுக்காமல் இருக்க டயரில் சுற்றும் இரும்புச் சங்கிலியை மாட்டிக்கொண்டு மறுபடியும் இறங்கினார்கள். அடுத்த வளைவிலேயே வண்டி இரண்டாம் முறையும் சொல்பேச்சு கேட்காமல் போனது.

வண்டி ஆல் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் வகை. டயர்கள் தேயவில்லை. மோதுவதற்குச் சற்று முன் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர்தான். பின்பெட்டியில் டயர் சங்கிலி இருந்தது. ஓட்டிய மாப்பிள்ளை சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறி இறங்கிப் பழகியவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மழைக்காலச் செம்மண் பாதையில் அவர் வண்டி ஏற்றாத மேடு கிடையாது. இப்படிப்பட்ட இருவர் முன்சீட்டில் இருந்தும் ஏன் இரண்டு முறை வழுக்கியது என்பதுதான் கேள்வி.

திரும்பி வந்ததும், தங்கள் சொந்தக் கேமராவின் பதிவையும் கைப்பேசிப் படங்களையும் எங்கள் டயர் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். அவர்கள் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் இதை முடித்துவிட முடியாது. அவர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் தோட்டத்தில் பல வருடம் பலித்த அனுபவம் இருந்தது. அந்த அனுபவம் சேற்றுக்குச் சரி, பனிக்கட்டிக்குச் சரியில்லை. தோட்டத்துப் பாதையில் வண்டி ஓட்டக் கற்ற யாருக்கும் இதே நிலை வரலாம் என்பதால்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

அன்று காலை நடந்தது

முந்தைய நாள் பகலில் மலைமேல் பனி பெய்திருந்தது. இரவு வானம் தெளிந்துவிட்டது. மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு வேகமாக வெளியேறிவிடும் என்பதால், பனிக்காலத்தில் பாதை உறைவதற்கு அதுதான் ஏற்ற நேரம். ஜூலையில் அந்தப் பக்கம் சூரியன் எழவே எட்டு மணிக்கு மேல் ஆகும். இவர்கள் எட்டரைக்கு வானாக்காவை விட்டுக் கிளம்பினார்கள். கார்ட்ரோனா சிற்றூரைத் தாண்டும்போது வண்டியின் வெப்பமானி 2 டிகிரி காட்டுகிறது.

ஏற்றம் தொடங்கும் இடத்தில், டயர் சங்கிலி கையில் இருக்க வேண்டும் என்ற அறிவிப்புப் பலகை இருந்தது. சங்கிலி மாட்டுவதற்கென்றே சாலையோரம் ஒதுக்கிய இடத்தில் இரண்டு மூன்று வண்டிக்காரர்கள் குனிந்து மாட்டிக்கொண்டிருப்பது பதிவில் தெரிகிறது. வண்டிக்குள் நடந்த பேச்சும் பதிவாகியிருக்கிறது.

"மாமா, எல்லாரும் சங்கிலி போடுறாங்க. நாமளும் போட்டுக்கலாமா?"

"இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி மாப்பிள்ளை. ஏறிப் பாருங்க. ஏறுறப்போ வழுக்குச்சுன்னா இறங்கிப் போட்டுக்கலாம்."

ஏறியது. வழுக்கவே இல்லை. உச்சிக்குப் பக்கத்தில் சாலை முழுவதும் இறுகிய பனி. அதன்மேல் சாலைப் பணியாளர்கள் பொடிக்கல் தூவியிருந்தார்கள். அங்கேயும் வண்டி ஒரு முறைகூடத் திணறவில்லை. பிள்ளைகள் இறங்கிப் பனியில் விளையாடினார்கள், படம் எடுத்தார்கள். பிறகு குவீன்ஸ்டவுன் பக்கம் இறங்கத் தொடங்கினார்கள்.

இறக்கத்தில் முதல் சில வளைவுகள் வெயிலில் இருந்தன. தார் ஈரமாக, கறுப்பாகத் தெரிந்தது. மாப்பிள்ளை வேகத்தை 35-க்கு விட்டார். அடுத்தது வலப்பக்க வளைவு. மலை நிழலில் இருந்தது. தார் அங்கேயும் கறுப்பாகத்தான் தெரிந்தது. அவர் பிரேக்கை மிதித்ததும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடக்கும் சத்தம் பதிவில் கேட்கிறது. ஸ்டீயரிங் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. வண்டியோ வேகம் குறையாமல் நேராகப் போய் இடப்பக்க மேட்டில் மூக்கை வைத்தது. நல்ல காலம், அந்த இடத்தில் இடப்பக்கம் மேடு. பள்ளமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தன்மையே வேறு.

ஏறியது ஏன் ஆபத்தாக முடிந்தது

ஆல் வீல் டிரைவ் என்பது எஞ்சினின் சக்தியை நாலு சக்கரத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு. இன்று குடும்பங்கள் வாங்கும் இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவை சாதாரணமாக முன்சக்கரத்தில்தான் ஓடுகின்றன. முன்சக்கரம் வழுக்குவதை உணர்ந்தால், அல்லது வழுக்கப் போகிறது என்று கணித்தால், ஒரு கிளட்ச் இறுகிப் பின்சக்கரங்களுக்கும் சக்தியை அனுப்புகிறது. கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் இது பெரிய உதவி. சந்தேகமே இல்லை.

ஆனால் நிற்பது பிரேக்கின் வேலை. பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும் இருக்கிறது. நம் ஊரில் ஓடும் சின்ன மைவி காருக்கும் நாலு சக்கர பிரேக்தான், விலை உயர்ந்த ஆல் வீல் டிரைவுக்கும் அதேதான். மிதித்த பிறகு வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது டயருக்கும் தரைக்கும் நடுவே உள்ள பிடிப்பு மட்டுமே. எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பது அங்கே கணக்கில் வராது. பல வண்டிகளில் ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கியதும் பின்சக்கர இணைப்பைக் கிளட்ச் விட்டுவிடும். இறக்கத்தில் கீழ் கியரில் போட்டால் எஞ்சின் பிடிப்பு நாலு சக்கரத்துக்கும் பரவும் என்பது உண்மைதான், ஆனால் அது சிறு உதவி.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியாக இருந்திருந்தால், அந்த ஏற்றத்தில் எங்காவது ஓர் இடத்தில் சக்கரம் சுழன்றிருக்கும். ஓட்டுபவருக்குத் தரையின் நிலை உடனே தெரிந்திருக்கும். இந்த வண்டி ஏற்றத்தில் அந்த எச்சரிக்கையை அவரிடம் சேர்க்கவே இல்லை. நாலு சக்கரத்துக்கும் வேலையைப் பங்கிட்டு, வழுக்கலை மறைத்துவிட்டது. "ஏறுறப்போ வழுக்குச்சுன்னா" என்று மாமனார் சொன்ன சோதனை தோட்டத்துக்குப் பொருத்தமானது. இங்கே அது தவறான பதிலைத் தந்தது.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம், இதில் எண்கள்தான் உண்மையைச் சொல்லும். பிடிப்பின் அளவைக் காய்ந்த தாருக்குச் சுமார் 0.8, மழை நனைத்த தாருக்கு 0.5, இறுகிய பனிக்கு 0.2 முதல் 0.3, பனிக்கட்டிக்கு 0.1 என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 35 கிலோமீட்டரில் பிரேக் மிதித்தால், சமதளத்தில் காய்ந்த தாரில் 6 மீட்டரில் வண்டி நிற்கும். பனிக்கட்டியில் 48 மீட்டர். இது ஓட்டுபவர் யோசிக்கும் நேரத்தைச் சேர்க்காத கணக்கு.

இப்போது இறக்கத்தைச் சேருங்கள். 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொண்டால், அந்த 0.08-ஐப் பிடிப்பிலிருந்து கழிக்க வேண்டும். காய்ந்த தாரில் 0.8 என்பது 0.72 ஆகும்; தெரியவே தெரியாது. பனிக்கட்டியில் 0.1 என்பது 0.02 ஆகிவிடும். நிற்க வேண்டிய தூரம் 48 மீட்டரிலிருந்து 240 மீட்டருக்குப் போகிறது. சரிவு 10-ஐத் தொட்டால் வண்டி நிற்கவே நிற்காது. கேமரன் மலை இறக்கத்தில் மழை நாளில் ஓட்டிப் பழகியவர் மனத்தில் இருக்கும் அளவு சுமார் 12 மீட்டர். அதற்கும் 240-க்கும் இடையே அனுபவத்தால் தாண்ட முடியாத தூரம் இருக்கிறது.

வளைவுக்கும் இதே கதிதான். 20 மீட்டர் ஆரமுள்ள கொண்டை வளைவைக் காய்ந்த தாரில் 45 கிலோமீட்டர் வேகம் வரை திருப்பலாம். பனிக்கட்டியில் 16. அதுவும் பிரேக்கைத் தொடாமல் திருப்பினால்தான். டயரின் பிடிப்பு கையிருப்புப் பணம் போன்றது: பிரேக்குக்கே முழுவதும் செலவழித்துவிட்டால் திருப்பத்துக்குக் கொடுக்க மிச்சம் இருக்காது. மாப்பிள்ளை மிதித்தபடியே திருப்பினார், வண்டி நேராகப் போனது.

சேற்றில் நடப்பது வேறு

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு டயர் சங்கிலி புதிதல்ல. ஜாலோங் பக்கத்து மேட்டுநிலங்களில் மழைக்காலத்தில் செம்பனைக் குலை ஏற்றும் வண்டிகளுக்கு இரும்புச் சங்கிலி சுற்றுவார்கள். மோட்டார் சைக்கிளின் பின்டயரில் சங்கிலி கட்டிக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போகிறவர்களை இன்றும் பார்க்கலாம். ஆகவே மாமனாருக்குச் சங்கிலியைப் பற்றித் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு நன்றாகத் தெரியும், சேற்றில்.

சேற்றில் கஷ்டம் நகர்வது. வண்டி புதைகிறது, சக்கரம் சுற்றுகிறது, முன்னே போக மாட்டேன் என்கிறது. நிற்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பெடலிலிருந்து காலை எடுத்தால் சேறே பிடித்து நிறுத்திவிடும். ஆகவே தோட்டத்தில் சங்கிலியின் வேலை வண்டியை முன்னே தள்ளுவது. ஏறவில்லை என்றால் மாட்டு, ஏறினால் கழற்று. அந்த விதி அங்கே முழுக்கச் சரி.

பனிக்கட்டியில் இது அப்படியே தலைகீழ். நகர்வது சுலபம், அதுவும் நாலு சக்கரமும் இழுத்தால் மிகச் சுலபம். நிற்பதும் திரும்புவதும்தான் பாடு. பனிப்பாதையில் சங்கிலி மாட்டுவது முதலில் இறக்கத்துக்காக, பிறகுதான் ஏற்றத்துக்காக. பலகை வைத்திருந்த அந்த இடத்தில் குனிந்து சங்கிலி மாட்டியவர்களில் சிலரும் ஏறுவதற்குச் சிரமமில்லாத வண்டி வைத்திருந்தவர்களாக இருக்கலாம். அவர்கள் மலையின் அந்தப் பக்கத்தை நினைத்து மாட்டியிருப்பார்கள்.

டயரின் வடிவத்திலும் இந்த எதிர்மறை தெரியும். சேற்று டயருக்குப் பெரிய கட்டைகளும் அகலமான பள்ளங்களும் இருக்கும்; சுற்றும்போது சேற்றை வெளியே வீசி எறிய வேண்டும் என்பதற்காக. பனிக்கால டயர் நேர்மாறு. பள்ளத்துக்குள் பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கும், ஏனென்றால் ரப்பர் பனியைப் பிடிப்பதைவிடப் பனி பனியை நன்றாகப் பிடிக்கும். அதன் ஒவ்வொரு கட்டையிலும் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். அவை வளைந்து கொடுத்துப் பனிக்கட்டியின்மேல் உள்ள நீர்ப்படலத்தைத் துடைத்துப் பிடிக்கும். பிக்கப்புக்குப் போடும் முரட்டுச் சேற்று டயரைப் பார்த்து "இது பனிக்கும் தாங்கும்" என்று சொல்பவர்களை எங்கள் பட்டறையிலேயே கேட்டிருக்கிறேன். தாங்காது. பனிக்கட்டியில் அது சாதாரண டயரைவிட மோசமாகவே நடந்துகொள்ளும்.

டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருந்தது

கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பக்கவாட்டில் எம்+எஸ் என்ற எழுத்து இருந்தது. வாடகைக்குக் கொடுத்தவர்கள் அதைக் காட்டி "பனிக்கும் ஆகும்" என்று சொன்னதாக மாப்பிள்ளை நினைவுகூர்ந்தார். சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பள்ள வடிவம் என்று தயாரிப்பாளர் தானே அறிவித்துக்கொள்ளும் அடையாளம் அது. பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறியாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

தேட வேண்டியது வேறு சின்னம்: மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும். பனிமேல் இழுவைச் சோதனையில் ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறிப்பிட்ட அளவு நன்றாகத் தேறினால்தான் அதை அச்சிட முடியும். இந்த வேறுபாட்டை ஜெர்மனி சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2018-லிருந்து தயாராகும் டயரில் மலைச்சின்னம் இருந்தால்தான் அது பனிக்கால டயர். பழைய எம்+எஸ் டயர்களுக்குக் கொடுத்த அவகாசமும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. நம் குடும்பம் ஓட்டிய வண்டியின் டயரில் மலைச்சின்னம் இல்லை.

பள்ளத்தின் ஆழம் சட்டப்படி போதுமானதாக இருந்தது. மலேசியாவில் 1.6 மில்லிமீட்டர், நியூசிலாந்தில் 1.5 மில்லிமீட்டர் என்பது குறைந்தபட்சம். பனிக்கு இந்த எண்கள் உதவாது. ஆஸ்திரியா பனிக்கால டயருக்கு 4 மில்லிமீட்டர் கேட்கிறது, அதுதான் நியாயமான அளவு.

ரப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஊர் ரப்பர் ஊர் அல்லவா. 1877-இல் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று பக்கத்துக் கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. பால்மரத்து இயற்கை ரப்பர் சுமார் மைனஸ் 70 டிகிரி வரை கண்ணாடிபோல் விறைத்துப் போகாது. பனிக்கால டயரின் கலவையில் அதுவும், அதுபோலக் குளிரைத் தாங்கும் செயற்கை ரப்பரும், சிலிக்காவும் சேர்வது இதனால்தான். நம்மூர் வெயிலுக்கு என்று செய்த டயர் 7 டிகிரிக்குக் கீழே போகப்போக விறைத்துப் பிடிப்பை இழக்கிறது. அந்த 7 டிகிரிதான் பனிக்கால டயரின் எல்லைக்கோடு என்று பொதுவாகச் சொல்வார்கள். கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி பதிவான 7.8 டிகிரிதான் மலேசியாவின் மிகக் குறைந்த வெப்பநிலை. ஆக, பனிக்கால டயர் தேவைப்படும் இடம் நம் நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஜப்பானிலிருந்து வரும் பழைய டயர்களில் எப்போதாவது ஸ்டட்லெஸ் (ஆணியில்லாப் பனிக்கால டயர்) என்று அச்சிட்டவை வந்துவிடும். தொட்டால் மெத்தென்று இருக்கும், விலையும் குறைவு. அவற்றை இங்கே போடாதீர்கள். நம் வெயிலில் வேகமாகத் தேயும், மழைத் தாரில் நிற்கும் தூரமும் கூடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஜப்பானின் ஹொக்கைடோவில் குளிர்காலத்தில் வண்டி ஓட்டி வந்த உறவினர் ஒருவர், "நாங்க சங்கிலியே போடல, ஒண்ணும் ஆகல" என்று இவர்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது உண்மை. பனியைப் பிடிக்க ஆணி பதித்த டயர் சாலையை அரைத்துக் கிளப்பும் தூசு தாங்காமல் ஜப்பான் 1990-இல் அந்த டயரைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்பிறகு ஆணியில்லாப் பனிக்கால டயர்கள் அங்கே நன்றாக வளர்ந்தன. குளிர்காலத்தில் ஹொக்கைடோ வாடகை வண்டி அந்த டயரோடுதான் கைக்கு வரும். நியூசிலாந்தில் அப்படி இல்லை. நாமாகக் கேட்டால் ஒழியப் பெரும்பாலும் சாதாரண டயரும், பின்பெட்டியில் சங்கிலியும்தான்.

பின்னால் போட்ட சங்கிலி

முதல் மோதலுக்குப் பிறகு சங்கிலி மாட்ட முடிவு செய்தார்கள். ஒரு ஜோடிதான் இருந்தது. எந்தச் சக்கரத்தில் மாட்டுவது? மாமனாருக்கு ஒரு நொடிகூடத் தயக்கமில்லை. "லோரில பின்னாலதான் போடுவோம்." லோரி பின்சக்கரத்தால் தள்ளப்படும் வண்டி, மோட்டார் சைக்கிளும் அப்படியே. பிக்கப் வண்டிகளிலும் பொதுவாகப் பின்னால் போடச் சொல்வார்கள். அவர் பார்த்த எல்லா வண்டிக்கும் அது சரியான பதில்.

இந்த வண்டி முன்சக்கரத்தை அடிப்படையாகக் கொண்டது. இறக்கத்தில், அதுவும் பிரேக் மிதிக்கும்போது, பாரம் முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கும், திருப்பும் வேலை முழுவதும் முன்டயர்களுடையது. அந்த இரண்டையும் வெறும் ரப்பரோடு விட்டுவிட்டு, பாரம் குறைந்த பின்சக்கரத்துக்கு இரும்பைக் கொடுத்தார்கள். அடுத்த வளைவில் நடக்கும் வேகத்தில்தான் போனார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினார்கள். வண்டி திரும்பாமல் ஓரத்துப் பனிக்குவியலில் புதைந்து நின்றது.

பின்னால் வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் நிறுத்தி இறங்கினார். வண்டியின் கையேட்டை எடுக்கச் சொல்லி, பக்கத்தைப் புரட்டி, சங்கிலி முன்சக்கரத்துக்கு என்ற வரியைக் காட்டினார். கழற்றி முன்னால் மாட்ட உதவியதும் அவர்தான். அங்கிருந்து மணிக்கு 15, 20 வேகத்தில் கீழே வரை சிக்கலின்றி வந்து சேர்ந்தார்கள்.

முன்னால் மட்டும் சங்கிலி என்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல என்பதைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். முன்பக்கம் நன்றாகப் பிடித்து, பின்பக்கம் பிடிக்காமல் இருந்தால், இறக்க வளைவில் வால் சுற்றிக்கொண்டு வரும். ஆகவே அதிரடியாகப் பிரேக் மிதிக்கக் கூடாது. நாலு சக்கரத்துக்கும் மாட்டுவது நல்லது, கையேடு அனுமதித்தால். பல வண்டிகளில் பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே சங்கிலி சுற்ற இடமே இருக்காது. அங்கே மாட்டினால் பிரேக் குழாயில் உரசும். இவர்கள் பின்சக்கரத்தில் சங்கிலியோடு ஓட்டிய அந்தச் சிறு தூரத்தில் உள்பக்கப் பிளாஸ்டிக் உரசியிருந்தது படத்தில் தெரிகிறது.

எங்கே தடுத்திருக்கலாம்

முதலாவது, பாதைத் தேர்வு. வானாக்காவிலிருந்து குரோம்வெல் சுற்றி, கவராவ் பள்ளத்தாக்கு வழியாகவும் குவீன்ஸ்டவுன் போகலாம். கிரவுன் ரேஞ்ச் சுமார் 70 கிலோமீட்டர் என்றால் அது நூற்றுப் பத்துக்கு மேல். ஆனால் அது தாழ்வான பாதை. இரவு பனி உறைந்த காலையில், பிள்ளைகளோடு, பனியில் ஓட்டியே பழக்கமில்லாதவர் அந்தப் பாதையைத்தான் எடுக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய முடிவு. சுற்றிப் போக விரும்பாதவர் நேரத்தையாவது தள்ளிப்போட்டிருக்கலாம். மதியம் கிளம்பியிருந்தால் வெயில் பட்ட தார் பெரும்பாலும் காய்ந்திருக்கும்.

இரண்டாவது, நிழல். தென்கோளத்தில் குளிர்காலச் சூரியன் வடக்கே தாழ்வாக நகர்கிறது. தெற்குப் பார்த்த சரிவும் மலை மறைக்கும் வளைவும் பகல் முழுவதும் உறைந்தே கிடக்கும். தார் கறுப்பாகத் தெரிவதை வைத்துப் பனி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. மெல்லிய பனிக்கட்டி கண்ணாடிபோல இருப்பதால் அடியில் உள்ள தார்தான் கண்ணுக்குத் தெரியும். வண்டியின் வெப்பமானி காட்டுவது காற்றின் வெப்பத்தை. காற்று 3 டிகிரி இருக்கும்போதே தரை உறைநிலைக்குக் கீழே இருக்கலாம். உறைநிலையை ஒட்டிய பனிக்கட்டிதான் மேலே நீர்ப்படலம் சேர்ந்து மிக அதிகம் வழுக்கும். கடுங்குளிரில் உறைந்தது அந்த அளவுக்கு வழுக்காது.

மூன்றாவது, சோதிக்கும் முறை. தரை எப்படி இருக்கிறது என்று அறிய, பின்னால் வண்டி வராத நேரான சமதளத்தில், மெதுவாகப் போகும்போது பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் உடனே கடகடத்தால் சங்கிலி போடும் நேரம் வந்துவிட்டது. ஏறுகிறதா என்று பார்ப்பது இந்த வகை வண்டியில் சோதனையே ஆகாது.

ஆல் வீல் டிரைவுக்கு அதிகாரிகளே விலக்கு தருகிறார்களே என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. கலிபோர்னியாவின் விதி இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. அங்கே பனிப்பாதைக்கு உள்ள மூன்று நிலைச் சங்கிலிக் கட்டுப்பாட்டில், இரண்டாம் நிலையில், நாலு சக்கரத்திலும் பனி டயர் போட்ட ஆல் வீல் டிரைவுக்கு மட்டும் சங்கிலி மாட்டுவதிலிருந்து விலக்கு. அப்போதும் சங்கிலி வண்டியில் இருக்க வேண்டும். மூன்றாம் நிலையில் யாருக்கும் விலக்கு கிடையாது. டயரைச் சேர்த்தே விலக்கு தருகிறார்கள், டிரைவை மட்டும் பார்த்து அல்ல.

இங்கிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

சங்கிலியை முதல் முறை மாட்டுவது குளிரில், காற்றில், விரல் மரத்த நிலையில் நடக்கக் கூடாது. வண்டியை வாங்கும் இடத்திலேயே, காய்ந்த தரையில், ஒரு முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். சங்கிலிப் பையில் உள்ள அளவும் டயரின் பக்கவாட்டில் உள்ள அளவும் ஒன்றா என்று எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள். 225/60 ஆர் 17 டயருக்கு வேறு அளவுச் சங்கிலி ஏறினாலும் தளர்ந்து அறுந்துவிடும். தோட்டத்தில் செய்வதுபோல் டயரில் காற்றை இறக்காதீர்கள். குளிரில் காற்றழுத்தம் தானாகவே இறங்கும், 10 டிகிரிக்குச் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ. மாட்டியதும் சிறிது தூரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடியும் இறுக்க வேண்டும். இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேகம் கையேட்டில் உள்ளபடி. பொதுவாக 50-ஐத் தாண்டக் கூடாது, மலை இறக்கத்தில் அதில் பாதிகூட அதிகம். வெறும் தார் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள். தோட்டத்துக் கனத்த சங்கிலி கொஞ்ச தூரம் தாரிலும் தாங்கும், இந்த மெல்லிய சங்கிலி தாங்காது.

ரப்பர் கையுறை, நெற்றியில் மாட்டும் விளக்கு, முழங்கால் வைக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு மூன்றும் சுங்கை சிப்புட் கடைத்தெருவிலேயே கிடைக்கும், எடுத்துப் போங்கள்.

உடைந்த பம்பருக்கு அவர்கள் கட்டிய தொகை கையை விட்டுத்தான் போனது. வாடகை ஒப்பந்தத்தின் காப்பீட்டுப் பகுதியில், சங்கிலி தேவை என்று அறிவித்த பாதையில் சங்கிலி மாட்டாமல் ஓட்டியது பற்றி ஒரு வரி இருந்ததைத் திரும்பி வந்த பிறகுதான் படித்தார்கள். அந்தப் பத்தியைக் கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள். சாவியை வாங்கும் முன் நேராகக் கேளுங்கள்: டயரில் மலைச்சின்னம் இருக்கிறதா, எந்தெந்த மலைப்பாதைக்குக் காப்பீடு செல்லாது, இந்த வண்டிக்குச் சங்கிலி முன்னாலா பின்னாலா. கடைசிக் கேள்விக்கு வாயால் சொல்லும் பதில் போதாது. கையேட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி, கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.